புள்ளி விட்டுப்போன இடம்

விண்டோஸ் 10 என்ற இயங்குதளத்துக்கு அளித்துவந்த பராமரிப்பு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. மறுநாள் காலை என் வீட்டுக் கம்ப்யூட்டர் வழக்கம்போல் ஓடியது. விசிறி சத்தம் போட்டது, திரை வந்தது, முதல் நாள் பாதியில் விட்டிருந்த வாக்கியம் பாதியிலேயே நின்றுகொண்டிருந்தது. ஒன்றும் நிகழவில்லை. இனிமேல் இதில் ஓட்டை விழுந்தால் அடைத்துத் தர ஆள் வரமாட்டார்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம். பெயரைப் பதிந்துகொண்டவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கெடு கொடுத்தார்கள். நானும் பதிந்துகொண்டேன். கெடு வாங்குவதில் எங்கள் தலைமுறைக்கு அனுபவம் உண்டு.

புதியதற்கு மாறுவதா, பழையதிலேயே இருந்துவிடுவதா என்ற கேள்வியைப் பெரும்பாலான வீடுகளில் ஒரு மாலைப்பொழுதில் தீர்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. காரணம் கம்ப்யூட்டர் அல்ல, அதனுள் இருந்த நாற்பத்தொரு கவிதைகள். அதனால்தான் இதை இந்தப் பத்திரிகையில் எழுதத் துணிகிறேன்.

கவிதைகள் என் நண்பருடையவை. பெயர் வேண்டாம். உங்களில் சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குப் பெயரால் ஆவது ஒன்றுமில்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சிறு பத்திரிகைகளில் பதினொரு கவிதைகள் பிரசுரித்தவர். தொகுப்பு போடவில்லை. கேட்டால், "இன்னும் ஒண்ணு எழுதிட்டுப் போடலாம்வே" என்பார். முப்பது வருஷம் ஒரு அலுவலகத்தில் தட்டச்சு வேலை. 1996இல் கையில் வந்த ஒரு தொகையைக் கொண்டு கம்ப்யூட்டர் வாங்கினார். எங்களில் முதலில் வாங்கியவர் அவர்தான். அன்று கிடைத்த தமிழ்ப் புரோகிராம்களில் ஒன்றைப் போட்டுக்கொண்டு, தட்டச்சு இயந்திரத்தின் விசைவரிசையிலேயே, தன் கவிதைகளை ஒவ்வொன்றாக அடித்தார். அடித்து முடித்ததும் நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவார். ஏன் என்று கேட்டதற்கு, "ரெண்டு பிரதி இருந்தா எது கவிதைன்னு சண்டை வரும்" என்றார்.

2003இல் இரண்டு ஃப்ளாப்பிகளை என்னிடம் கொடுத்தார். இரண்டிலும் ஒரே சரக்கு. ஒன்று கெட்டுப்போனால் மற்றது. ஒரு ஃப்ளாப்பியில் 1.44 எம்பி அடங்கும். நாற்பத்தொரு கவிதைகளும் அதில் இருபதில் ஒரு பங்கைக்கூட நிரப்பவில்லை. கூடவே அந்தத் தமிழ்ப் புரோகிராமையும் கொடுத்தார். அது இல்லாமல் கவிதைகளைத் திறக்க முடியாது. 2009இல் அவர் இறந்துபோனார். அவருடைய கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு விசாரிக்கத் தோன்றியபோது அது பழைய இரும்புக் கடைக்குப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது.

*

விஷயத்தின் தொழில்நுட்பப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நண்பரின் புரோகிராம் 16 பிட் காலத்தது. விண்டோஸ் 10இல் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகை உண்டு. 32 பிட் வகையில் அந்தப் பழைய புரோகிராம்களை உள்ளே விடுவதற்கு ஒரு புழக்கடை வாசல் இருந்தது, கேட்டால் திறந்துவிடும். 64 பிட் வகையில் அந்த வாசல் கிடையாது. 2021இல் வந்த விண்டோஸ் 11, 64 பிட்டாக மட்டுமே வந்தது.

2015 கடைசியில் இப்போதுள்ள பெட்டியை வாங்கியபோது இதற்காகவே 32 பிட் விண்டோஸைப் போடச் சொன்னேன். கடைப் பையன் என்னை விநோதமாகப் பார்த்தான். 32 பிட்டில் 4 ஜிபிக்கு மேல் நினைவகம் போட்டும் பிரயோஜனமில்லை என்று எச்சரித்தான். பரவாயில்லை என்றேன். ஒரு கவிஞனுக்காகப் பத்து வருஷம் ஒரு மெதுவான கம்ப்யூட்டரைச் சகித்துக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

இப்போது மாறுவதென்றால், 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்குப் படியேறிப் போக முடியாது. துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். அதற்கும் என் பெட்டி லாயக்கில்லை. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் பிராசஸர்களின் பட்டியலில் என்னுடையது இல்லை. அது கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும் இல்லை. மேம்படுத்துதல் என்று எல்லோரும் சொல்வது என் விஷயத்தில் வீடு மாறுவதுதான். பழைய வீட்டில் குடியிருக்கும் ஒருவரை அங்கேயே விட்டுவிட்டு மாறுவது.

மகள் இந்தத் துறையில் வேலை பார்ப்பவள். பொறுமையாக வழிகளை எடுத்துச் சொன்னாள். மாறாமல் இருக்கலாம், ஆனால் 2017இல் நடந்ததை மறந்துவிடக் கூடாது. அந்த மே மாதத்தில் வான்னாக்ரை என்ற நச்சுநிரல் உலகெங்கும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் புகுந்து, ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்கான அடைப்பு மார்ச் மாதமே வந்திருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள் அகப்பட்டார்கள். "உங்க ஃப்ரெண்டோட கவிதையைப் பூட்டிட்டுப் பணம் கேட்டா என்ன செய்வீங்கப்பா?" என்றாள். அல்லது பழைய பெட்டியை இணையத்திலிருந்து பிடுங்கிவிட்டு, கவிதைக்கென்று மூலையில் வைத்துக்கொள்ளலாம். அல்லது புதிய கம்ப்யூட்டருக்குள்ளேயே பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருப்பதுபோல் பாவனை செய்யும் ஏற்பாடு உண்டு. அதற்குள் பழைய விண்டோஸும் அதற்குள் அந்தப் புரோகிராமும் ஓடும். "எதுவுமே மாறாதுப்பா, அப்படியே இருக்கும்" என்றாள்.

அப்படியே இருக்கும் என்ற வார்த்தை எனக்கு உவப்பாக இருந்தது. உவப்பாக இருந்ததுதான் பிறகு என்னைச் சந்தேகிக்க வைத்தது.

*

நம்மிடையே மாறாமல் இருப்பதற்கு ஒரு தார்மீக அந்தஸ்து உண்டு. சந்தை இழுக்கும் பக்கம் போகாதவன், விலை போகாதவன் என்பதெல்லாம் சிறு பத்திரிகை உலகில் பெரிய பாராட்டுகள். நானும் அந்தப் பாராட்டுகளில் வளர்ந்தவன்தான். ஆனால் மறுப்பில் எவ்வளவு பங்கு பிரக்ஞைபூர்வமான தேர்வு, எவ்வளவு பங்கு வெறும் சோம்பல் என்று நாம் கணக்குப் பார்ப்பதில்லை.

1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் பிறப்பித்தது. பெரியார் 1935 முதல் தம் பத்திரிகைகளில் பயன்படுத்திவந்த வடிவங்களில் பதின்மூன்று எழுத்துகள் அரசின் எழுத்துகளாயின. ணா, றா, னா வகையும், ணை, லை, ளை, னை வகையும். அப்போது நானும் நண்பரும் வேறு இருவரும் சேர்ந்து ஒரு பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தோம். நானூறு பிரதிகள். புதிய வடிவங்களை நாங்கள் ஏற்கவில்லை. தும்பிக்கை போன லகர ஐகாரத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று நான் பேசினேன். எழுத்தின் உருவம் அனுபவத்தின் பகுதி, அதை ஆணையிட்டு மாற்ற முடியாது என்று அரைப்பக்கம் எழுதவும் செய்தேன். ஆணைக்குப் பின் வந்த நான்கு இதழ்களும் பழைய எழுத்திலேயே வெளிவந்தன. வாசகர் ஒருவர் எங்கள் உறுதியைப் பாராட்டிக் கடிதம் போட்டார்.

உண்மை என்னவென்றால், நாங்கள் அச்சடித்த அச்சகத்தில் புதிய எழுத்து வாங்கவில்லை. கேஸில் கிடந்ததை வைத்துக் கோர்த்தார்கள். ஐந்தாவது இதழுக்குப் போனபோது அச்சகக்காரர் புதிய எழுத்து வாங்கியிருந்தார். இதழ் புதிய எழுத்தில் வந்தது. நாங்கள் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. நண்பர் மட்டும் ஃபாரத்தைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம கொள்கை கேஸ்லதான் இருந்திருக்கு" என்றார்.

பத்து வருஷம் 32 பிட் விண்டோஸை வைத்திருந்ததும் இப்படிப்பட்ட கொள்கைதானா என்று ஒரு நாள் என்னையே கேட்டுக்கொண்டேன். நண்பர் இறந்த 2009இலிருந்து 2025 வரை அந்தப் புரோகிராமை எத்தனை முறை திறந்தேன்? யோசித்துப் பார்த்தால் மூன்று முறை. இரண்டு முறை, ஓடுகிறதா என்று பார்க்க. ஓடியது, மூடிவிட்டேன். ஒருமுறை மட்டும் நான்கைந்து கவிதைகள் படித்தேன். அன்று மின்சாரம் போய்விட்டது, பிறகு தொடரவில்லை. பதினாறு வருஷத்தில் இவ்வளவுதான். கவிதைகள் பத்திரமாக இருக்கின்றன என்ற எண்ணம் அவற்றைப் படிக்காமலிருக்க எனக்கு ஒரு சௌகரியத்தைக் கொடுத்திருக்கிறது. நான் காப்பாற்றியது வாசலை. வாசல் வழியாக உள்ளே போனதில்லை.

மகள் சொன்ன ஏற்பாட்டை, அதாவது கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டரை, நான் வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். அது இன்னும் உறுதியான வாசல். என்னுடைய ஆயுளுக்கும் நான் அதைத் திறக்காமல் இருந்துவிட முடியும்.

*

ஆக, கவிதைகளை யூனிகோடுக்குப் பெயர்த்துவிட்டு மாறுவது என்று முடிவு செய்தோம். இங்கேதான் நான் எதிர்பாராத விஷயங்கள் நடந்தன.

தமிழ் எழுத்து 247 என்று பள்ளியில் படித்தோம். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் முறையில் மொத்தம் இருந்ததே 256 இடங்கள். அதில் பாதி ஆங்கிலத்துக்கும் எண்களுக்கும் போய்விடும். மிச்சத்தில் தமிழை அடைக்க வேண்டும். அதற்காக எழுத்துகளை உடைத்தார்கள். ஒற்றைக் கொம்பு ஒரு துண்டு, இரட்டைக் கொம்பு ஒரு துண்டு, கால் ஒரு துண்டு. உடைபடாத கு, கூ வரிசைக்குத் தனித்தனி இடங்கள். தட்டச்சு இயந்திரம் முன்பே செய்திருந்த காரியம்தான் இது. ஆனால் எந்தத் துண்டுக்கு எந்த எண் என்பதில் ஒற்றுமை இல்லை. புரோகிராம் செய்த ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபடி வைத்துக்கொண்டார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்ற இரண்டு முறைகளைத் தரப்படுத்தியது. 2010இல் யூனிகோடை ஏற்றது. நண்பரின் புரோகிராம் இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. கிடைக்கிற மாற்றிகள் எதுவும் அதன் எண்களை அறியவில்லை. மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக அடித்துப் பார்த்து, அதற்கு என்ன எண் விழுகிறது என்று அட்டவணை போட்டாள். அதைக் கொண்டு மாற்றி ஒன்றையும் எழுதினாள். சாயங்காலத்துக்குள் நாற்பத்தொரு கவிதைகளும் புதிய எழுத்தில் வந்துவிட்டன.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு புதுக்கவிதைக்காரன் யோசிக்க வேண்டியது. பழைய முறையில் "கொ" என்பது மூன்று துண்டுகள்: முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். கை எழுதும் வரிசை, கண் பார்க்கும் வரிசை. யூனிகோடில் முதலில் ககரம், அதன்பின் ஒகரக் குறி. வாய் உச்சரிக்கும் வரிசை. திரையில் கொம்பு முன்னால்தான் தெரிகிறது. உள்ளே அது பின்னால்தான் இருக்கிறது. ஓசையிலிருந்து விடுபட்டுக் கண்ணுக்கு வந்தது நம் கவிதை என்று ஒரு காலத்தில் பேசிக்கொண்டோம். கண்ணுக்கு எழுதப்பட்ட ஒரு கவிதையை உள்ளே ஓசையாகச் சேமிக்கிறது புதிய முறை.

மாற்றி கொடுத்ததை அப்படியே ஏற்றுக்கொண்டிருப்பேன். நண்பர் வௌவால்களைப் பற்றி எழுதியிருந்தார், கோயில் மண்டபத்து வௌவால்கள். அந்தக் கவிதையை மட்டும் பார்க்கலாம் என்று அந்தச் சொல்லைக் கொடுத்துத் தேடினேன். இல்லை என்றது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கவிதை இருந்தது, வௌவாலும் கண்ணெதிரே இருந்தது. இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்வதும் சரிதான். பழைய முறையில் ஔகாரக் குறிக்கென்று தனித் துண்டு கிடையாது, ளகரத்தையே போடுவார்கள். மாற்றி அதை ளகரம் என்றே எடுத்துக்கொண்டது. நான் வௌவால் என்று படித்ததை அது வெ, ள, வா, ல் என்று வைத்திருந்தது. வெளவால். பார்வைக்கு ஒன்று, உள்ளே வேறு.

அன்று ஆரம்பித்தேன், ஒவ்வொரு கவிதையையும் எழுத்தெழுத்தாகப் படிக்க. இடது பக்கம் பழைய பெட்டி, வலது பக்கம் மகளின் மடிக்கணினி. ஒரு நாளைக்கு ஒரு கவிதைக்கு மேல் முடியவில்லை.

*

இரண்டாவதாகக் கவனித்தது ரகரத்தை. நண்பர் ர் என்று வரும் இடங்களிலெல்லாம் ரகரத்தைப் போடாமல் காலைப் போட்டு அதன் தலையில் புள்ளி வைத்திருந்தார். தட்டச்சில் பழகிய பலருக்கு இந்தக் கைப்பழக்கம் உண்டு. தாளில் பார்த்தால் வேறுபாடு தெரியாது. இன்றும் அச்சிலும் திரையிலும் கண் வைத்துப் பார்த்தால், அவர் என்று இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி வைத்த கால் நிற்பதைக் காணலாம். மகளிடம் சொன்னேன், புள்ளி வைத்த காலையெல்லாம் ரகர மெய்யாக மாற்று என்று மாற்றியில் ஒரு வரி சேர்த்தாள். தமிழில் காலுக்குப் புள்ளி கிடையாதாகையால் இதில் தவறு நேர வழியில்லை.

முப்பத்து மூன்றாவது ஃபைலில் பதினொரு வரிக் கவிதை ஒன்று. தலைப்பில்லை. இரவு. கோடை. முற்றத்தில் ஒரு கட்டில் போட்டிருக்கிறது. ஒரு பெண், வயதானவள் என்று ஊகிக்கலாம், விளக்கைத் தணித்துவிட்டுச் செம்பில் தண்ணீர் மொண்டு கட்டிலின் தலைமாட்டில் வைக்கிறாள். தனக்கல்ல; அவள் தரையில் படுக்கிறாள். கட்டில் காலியாக இருக்கிறது. விடியலில் செம்பில் தண்ணீர் குறைந்திருக்கிறது. கடைசி வரி ஒரே சொல். அவா.

படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நல்ல கவிதை என்பதற்காக மட்டுமல்ல. அது அவாதானா?

அவா என்றால் ஆசை. தண்ணீரைக் குடித்தது அவளுடைய ஆசை; அல்லது ஆசை என்ற ஒன்றே அந்த வீட்டில் இன்னும் உயிரோடிருக்கிறது. ஆனால் நண்பர் அவர் என்று அடிக்கும் முறை எனக்கு இப்போது தெரியும். அகரம், வகரம், கால், புள்ளி. நான்கு தட்டு. அவா என்று அடித்தால் அகரம், வகரம், கால். மூன்று தட்டு. ஒரு தட்டு விட்டுப்போயிருந்தால் அவர் அவாவாகிவிடும். அவர் என்றால் அது வேறு கவிதை. கணவனை ஒருபோதும் பெயர் சொல்லி அழைத்திராத ஒருத்தி, அவன் போன பிறகும் இரவில் தண்ணீர் வைக்கிறாள். வந்து குடித்தது அவர். (பிராமண வீட்டுப் பேச்சில் அவா என்றால் அவர்கள் என்று மூன்றாவதாக ஓர் அர்த்தமும் உண்டு. நண்பர் அந்த வீட்டுக்காரர் அல்ல. அந்தப் பேச்சில் எழுதியவரும் அல்ல. அதைத் தள்ளிவிடலாம்.)

அதுவரை படித்த கவிதைகளில் புள்ளி விட்டுப்போன இடங்களை எண்ணினேன். ஆறு. ஆறும் வேறு சொற்களில், ஐயத்துக்கு இடமில்லாத இடங்கள். ஆகவே புள்ளி விடக்கூடிய கைதான் அது. ஆனால் இந்தச் சொல்லில் விட்டதா என்பதற்கு அது சான்றாகாது. அருவமான பெயர்ச்சொற்கள் அவருக்கு ஆகாது. துயரம், தனிமை என்றெல்லாம் நான் எழுதிய வரிகளைப் பென்சிலால் சுழித்துவிடுவார். அந்தக் கணக்கில் அவர் என்பதே சரி. கடைசிக் காலத்தில் எழுதிய சிலவற்றில் அப்படிப்பட்ட சொற்களும் தலைகாட்டுகின்றன. அந்தக் கணக்கில் அவாவும் சரி. தெரிந்திருக்கக்கூடிய நோட்டுத் தாளை அவரே கிழித்துவிட்டார். சண்டை வரக்கூடாதென்று.

சக விமர்சகர் ஒருவரிடம் தொலைபேசியில் சொன்னேன். "உள்ளபடி விட்டுடும். திருத்த நீர் யாரு?" என்றார். சரியான பேச்சுத்தான். ஆனால் உள்ளபடி என்பது எது? பழைய முறையில் அந்தக் கால், கால் மட்டுமல்ல. முப்பது வருஷம் அந்த விசையை இரண்டு காரியத்துக்கும் தட்டிய ஒரு கையின் அடையாளம் அது. ரகரமாகவும் ஆகியிருக்கலாம், நெடிலாகவும் ஆகியிருக்கலாம். பெயர்த்தெழுதும்போது நான் கால் என்று வைத்தாலும் தேர்ந்தெடுத்துவிட்டேன், ரகர மெய் என்று வைத்தாலும் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

*

ஓலைச் சுவடிகளைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. சுவடியில் புள்ளி இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே மாதிரி இருக்கும். காலும் ரகரமும் ஒன்றாகவே தெரியும். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சுக்குக் கொண்டுவந்தபோது இப்படிப்பட்ட காலா ரகரமா என்ற இடங்களை எத்தனையோ முறை கடந்திருக்க வேண்டும். நம் கையிலிருக்கும் சங்கக் கவிதைகளில் எழுதியவன் கைபட்ட ஓலை ஒன்றுகூடக் கிடையாது. ஓலை சில நூற்றாண்டுகளில் நைந்துவிடும். யாரோ ஒருவர் பழைய ஏட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் காலென்றோ ரகரமென்றோ தனக்குள் முடிவு செய்து, புதிய ஓலையில் கீறியிருக்கிறார். அவருக்குப் பின் இன்னொருவர். பெயர்த்தெழுதப்படாதவை போயின. ஆடிப் பதினெட்டில் ஏடுகளை ஆற்றில் விட்ட வழக்கத்தை ஐயர் வேதனையோடு சொல்லியிருக்கிறார். பரணில் பத்திரமாக இருந்த ஏடுகள்தான் அவையும்.

இதை யோசித்தபோது என் குழப்பம் எங்கே இருந்தது என்று புரிந்தது. பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டால் கவிதை அப்படியே இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருந்தது கவிதை அல்ல, முடிவு செய்யப்படாத ஒரு கால். பதினாறு வருஷம் அது என் மேஜைக்கடியில் இருந்தும், அங்கே ஒரு கேள்வி இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது. 2010இல் நான் படித்திருந்தால் அவருடைய மனைவியிடம் கேட்டிருக்கலாம். யாருக்கு அந்த வீட்டில் இரவில் தண்ணீர் வைப்பார்கள் என்று கேட்டிருக்கலாம். அந்த அம்மாள் 2014இல் காலமானார். என் விசுவாசம் அந்த நான்கு வருஷங்களை விழுங்கிவிட்டது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

புதியதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இருப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விண்டோஸ் 7 என்பது 2009இல் வந்து 2020 ஜனவரியில் பராமரிப்பு இழந்தது. 10 என்பது 2015இல் வந்து 2025இல். இப்போது போடுவதற்கும் ஒரு நாள் குறித்திருப்பார்கள். பத்து வருஷத்துக்கு ஒருமுறை வீடு மாற வேண்டும் என்பது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஓடுகிற பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்வதில் ஒரு ஊதாரித்தனம் இருக்கிறது. என் பழைய பெட்டியில் லினக்ஸைப் போட்டு, பக்கத்து வீட்டுப் பையன் படிப்புக்குக் கொடுக்கலாம் என்று மகள் சொல்கிறாள், கொடுக்கப்போகிறேன். ஆனால் ஒவ்வொரு மாற்றமும் யாரையாவது உட்காரவைத்துப் படிக்கவைக்கிறது என்றால், அந்த அளவுக்கு அது பெயர்த்தெழுதுபவனின் வேலையைச் செய்கிறது. படிக்காமல் மாற்றினால் வௌவால் வெளவாலாகும். படிக்காமல் வைத்திருந்தால் அதுகூட ஆகாது.

புதிய பெட்டிக்குச் சொல்லியாகிவிட்டது. கடைசி வரியில் காலை அப்படியே விட்டேன். கவிதைக்குக் கீழே, நண்பர் ர் அடிக்கும் விதத்தையும், புள்ளி விட்டுப்போன ஆறு இடங்களையும் இரண்டு வாக்கியத்தில் குறித்தேன். அடிக்குறிப்பு போட்ட கவிதையை அவர் படிக்கமாட்டார். எனக்கு எது என்று கேட்டால், அவர் என்றுதான் என் காதில் விழுகிறது. அதனாலேயே அதை எழுதிவிட எனக்குத் துணிவில்லை.

இன்னும் எட்டுக் கவிதைகள் பாக்கி. அவை முடியும்வரை பழையது மேஜைமேல் இருக்கும். இணைய வயரைப் பிடுங்கிவிட்டேன்.